உளவியல் தேர்வு: கடைசி நேரத் திருப்புதலும் வினாக் கணிப்பும்

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பின் இறுதியில் எழுதப்படும் ஏ-லெவல் தேர்வுகளில், அண்மை ஆண்டுகளில் கணிதத்துக்கு அடுத்தபடியாக அதிக மாணவர் எழுதும் பாடம் உளவியல். அவர்களில் பெரும்பாலோர் ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறார்கள். ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் இந்தத் தேர்வு நெருங்கும்போது இரண்டு கேள்விகள் எழும். எஞ்சியிருக்கும் சில நாட்களில் எதைப் படித்தால் பயன்? எந்த வினா வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகப் பார்ப்பதே வழக்கம். ஆனால் கணிப்பை நம்பிப் பாதிப் பாடத்தை விடுகிறவர் மீதிப் பாதியைத்தான் படிக்கிறார் என்பதால், முதல் கேள்விக்கான விடை இரண்டாவதைச் சார்ந்தே அமைகிறது. இரண்டுக்கும் வேண்டிய ஆய்வுச் சான்றுகளில் கணிசமான பகுதி அந்த மாணவர்களின் பாடநூலிலேயே, நினைவாற்றல் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது.

முதலில் தேர்வின் அமைப்பு. 2015 செப்டம்பரில் கற்பிக்கத் தொடங்கி 2017இல் முதன்முறையாகத் தேர்வு நடந்த பாடத்திட்டத்தின்படி மூன்று தாள்கள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 96 மதிப்பெண். முதல் தாளில் சமூகத் தாக்கம், நினைவாற்றல், பற்றுறவு, உளநோயியல் என்று நான்கு பிரிவுகள். பிரிவுக்கு 24 மதிப்பெண். இரண்டாம் தாளில் உளவியல் அணுகுமுறைகளுக்கும் உயிர்சார் உளவியலுக்கும் தலா 24. ஆய்வுமுறைகளுக்கு மட்டும் 48. மூன்றாம் தாளில் உளவியலின் பொது விவாதங்கள் எல்லாருக்கும் கட்டாயம். அதோடு மனச்சிதைவு, உணவுப் பழக்கம், மன அழுத்தம் போன்ற விருப்பத் தலைப்புகளிலிருந்து, மூன்று தொகுதிகளில் தொகுதிக்கு ஒன்றாக எடுத்த மூன்றுக்கு விடை எழுத வேண்டும். அந்த விருப்பமும் பள்ளி முன்பே தேர்ந்தெடுத்துக் கற்பித்ததுதான். தேர்வு அறைக்குள், ஒரு தலைப்புக்குள் இந்த வினா வேண்டாம், அந்த வினா எழுதுகிறேன் என்று சொல்ல வழியில்லை. சாய்ஸில் விடுவது என்ற வசதி இந்தத் தேர்வில் கிடையாது.

இதற்கு முந்தைய பாடத்திட்டம் வேறு மாதிரி இருந்தது. 2009 முதல் நடைமுறையில் இருந்த அதில், இரண்டாம் ஆண்டின் ஒரு தாளில் எட்டுத் தலைப்புகளில் மூன்றுக்கு மாணவர் விடை எழுதினார்கள். தலைப்புக்கு ஒரே ஒரு பெரிய வினா. தூக்கம் என்ற தலைப்பை ஆண்டு முழுக்கப் படித்தவருக்குத் தூக்கத்தின் செயல்பாடு வருமா, தூக்கக் கோளாறு வருமா என்பதே வாழ்வா சாவா என்ற நிலை. வினாக் கணிப்புப் பட்டியல்கள் மாணவரிடையே அந்த அளவுக்குப் பரவியதற்கு இந்த அமைப்பே காரணம். 2015க்குப் பின் அதே மதிப்பெண் சிறுவினாக்களாகவும் நெடுவினாக்களாகவும் பிரிந்துவிட்டது. கணிப்பின் லாபம் குறைந்தது, பழக்கம் குறையவில்லை.

கடைசி நேரத் திருப்புதல் பற்றிய ஆய்வு ஹெர்மன் எபிங்ஹாஸிடம் தொடங்குகிறது. 1885இல் வெளியான நினைவாற்றல் பற்றிய நூலில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அவர் அளந்தார். மறுபடி கற்கும்போது மிச்சமாகும் உழைப்பு இருபது நிமிடத்துக்குப் பின் சுமார் 58 விழுக்காடு, ஒரு மணி நேரத்துக்குப் பின் 44, ஒரு நாளுக்குப் பின் 34, ஆறு நாளுக்குப் பின் 25, ஒரு மாதத்துக்குப் பின் 21. மறதி முதல் சில மணி நேரங்களில் செங்குத்தாக இறங்கிப் பிறகு மெதுவாகச் சாய்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் யாப் முர்ரேயும் ஜோரி ட்ரோஸும் 2015இல் இதே சோதனையை மறுபடி செய்து பார்த்து, ஏறத்தாழ அதே வளைகோட்டைப் பெற்றார்கள். பொருளற்ற அசைகளுக்கும் பற்றுறவுக் கோட்பாட்டுக்கும் வேறுபாடு உண்டு. பொருள் புரிந்து கற்றது இவ்வளவு வேகமாக அழியாது. என்றாலும் வளைகோட்டின் வடிவம் மாறுவதில்லை.

அதே நூலில் எபிங்ஹாஸ் இன்னொன்றையும் பதிவு செய்தார். பன்னிரண்டு அசை கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்ததால் கிடைத்த பயன், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை படித்தாலே கிடைத்தது. உழைப்பைப் பரப்பினால் குறைந்த உழைப்பே போதும். நூற்றாண்டு கடந்தும் இந்த முடிவு நிற்கிறது. நிக்கலஸ் செபெடாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் 1,350க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு, இரண்டு படிப்புகளுக்கு இடையே எவ்வளவு நாள் விடுவது நல்லது என்று கண்டறிய முயன்றார்கள். தேர்வு எத்தனை நாளில் என்பதைப் பொறுத்து விடை மாறியது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் அந்தக் காலத்தில் 20 முதல் 40 விழுக்காடு வரை இடைவெளி விடுவது சிறந்தது. ஓராண்டுக்குப் பின் என்றால் 5 முதல் 10 விழுக்காடு போதும். ஒரு வாரமே மீதியுள்ள மாணவருக்கு இதன் பொருள் எளிது. இன்று படித்த மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனையை இன்றே மூன்று முறை புரட்டுவதைவிட, இரண்டு நாள் கழித்து ஒரு முறை திரும்பப் பார்ப்பது மேல். கடைசி வாரத்திலும் பரப்பிப் படிக்க இடம் இருக்கிறது. பலர் அந்த வாரத்தையும் ஒரு நாளுக்கு ஒரு தலைப்பு என்று வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரே முறை தொட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். திங்கட்கிழமை படித்த தலைப்பு வெள்ளிக்கிழமைக்குள் கரைந்துவிடுகிறது.

கடைசி நேரப் படிப்பு முற்றிலும் வீண் என்று சொல்வது நேர்மையாகாது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் ஓர் உரைநடைப் பகுதியைப் படித்தபின் ஒரு குழு அதை மறுபடி படித்தது. இன்னொரு குழு மூடி வைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள்: 81க்கு 75 விழுக்காடு. இரண்டு நாள் கழித்து நிலை தலைகீழானது: 54க்கு 68. ஒரு வாரம் கழித்து 42க்கு 56. தேர்வு அறையின் வாசலில் நின்று குறிப்பைப் புரட்டுவது அடுத்த சில நிமிடங்களுக்கு உதவலாம். முதல் நாள் மாலை படித்தது மறுநாள் காலைக்கும், முதல் தாளுக்காகப் படித்த நினைவாற்றல் கோட்பாடுகள் இரண்டு வாரம் கழித்து மூன்றாம் தாளில் எடுத்துக்காட்டாகவும் தேவைப்படும்போது, வெறும் வாசிப்பு கைவிடுகிறது.

இந்த ஆய்வுகள் காட்டும் மிகப் பெரிய ஆபத்து, மாணவரின் சொந்த மதிப்பீடு தவறாக இருப்பதுதான். கார்ப்பிக்கும் ரோடிகரும் 2008இல் ஸ்வாஹிலிச் சொற்களையும் அவற்றின் ஆங்கிலப் பொருளையும் மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு முறை சரியாகச் சொன்ன சொல்லையும் தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருந்த குழு ஒரு வாரத்துக்குப் பின் சுமார் 80 விழுக்காடு நினைவில் வைத்திருந்தது. சரியாகச் சொன்னவுடன் சோதிப்பதை நிறுத்திய குழு, படிப்பதைத் தொடர்ந்தபோதும், 35 விழுக்காடு அளவிலேயே நின்றது. எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது இரண்டு குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் சொல்லியிருந்தன. நேட் கார்னெல் 2009இல் வெளியிட்ட நினைவட்டை ஆய்வில், இடைவெளி விட்டுப் படித்தது 90 விழுக்காட்டினருக்கு அதிகப் பயன் தந்தது. ஆனால் முதல் அமர்வுக்குப் பின் 72 விழுக்காட்டினர், மொத்தமாக ஒரே மூச்சில் படித்ததே நல்லது என்று நம்பினார்கள். மறுபடி படிக்கும்போது வரிகள் பழக்கமாகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தை மனம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. தேர்வு அறையில் வரி எதுவும் முன்னால் இருக்காது. விடை வெறுமையிலிருந்து வர வேண்டும்.

ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து தரப்படுத்தினார்கள். தன்னைத்தானே சோதித்தலும் இடைவெளி விட்டுப் படித்தலும் மட்டுமே உயர்ந்த பயன் என்ற தகுதி பெற்றன. மாணவர் மிகுதியாகக் கையாளும் கோடிட்டுப் படித்தலும் மறுவாசிப்பும் குறைந்த பயன் என்ற வரிசையில் வந்தன. வண்ணப் பேனாக் கோடுகளால் நிறைந்த உளவியல் குறிப்பேடு அழகாக இருக்கலாம். அதை உருவாக்கச் செலவான மணி நேரங்கள், கடைசி வாரத்தில் திரும்பக் கிடைக்காதவை.

உளவியல் பாடத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆய்வாளர் பெயர்களும் ஆண்டுகளும் சோதனை முறைகளும் ஒன்றைப் போல் ஒன்று இருக்கின்றன. இணங்கிப்போதல் பற்றிய ஆஷின் சோதனை, கீழ்ப்படிதல் பற்றிய மில்கிராமின் சோதனை, சமூகப் பாத்திரம் பற்றிய ஜிம்பார்டோவின் சோதனை மூன்றும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், பெரும்பாலும் ஆண்களைக் கொண்டு, இருபது ஆண்டு இடைவெளிக்குள் நடந்தவை. மூன்றையும் ஒரே இரவில் படித்தவர் தேர்வில் ஒன்றின் குறையை மற்றொன்றின் மேல் ஏற்றி எழுதுவது எதிர்பார்க்கத்தக்கதே. மெக்ஜியோக்கும் மெக்டொனால்டும் 1931இல் காட்டியது இதைத்தான். ஒரு சொற்பட்டியலைக் கற்றபின் வேறொரு பட்டியலைக் கற்றவர்களில், இரண்டாம் பட்டியல் முதலாவதன் ஒத்தபொருட் சொற்களாக இருந்தபோது மறதி மிக அதிகம். எண்களாக இருந்தபோது மிகக் குறைவு. குறுக்கீட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் இந்த ஆய்வு மாணவரின் பாடநூலிலேயே இருக்கிறது. அதைத் திருப்புதலுக்குப் பயன்படுத்துவது கடினமல்ல. சமூகத் தாக்கத்தைப் படித்தபின் உடனே இன்னொரு சமூகத் தலைப்பை எடுக்காமல், ஆய்வுமுறைக் கணக்குகளையோ மூளையின் அமைப்பையோ எடுக்கலாம். ஒத்த சோதனைகளைத் தனித்தனியாகப் படித்துக்கொண்டே போவதைவிட, ஆஷுக்கும் மில்கிராமுக்கும் என்ன வேறுபாடு என்று ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்ப்பது குழப்பத்தைக் குறைக்கும்.

இடம் மாறினால் நினைவு மாறுமா என்ற கேள்வியும் கடைசி நேரத்தில் எழுகிறது. காடனும் பேட்லியும் 1975இல் ஆழ்நீர் மூழ்குவோரைக் கொண்டு செய்த சோதனையில், கற்ற இடமும் நினைவுகூர்ந்த இடமும் வேறுபட்டபோது நினைவு சுமார் 40 விழுக்காடு குறைந்தது. இதைக் காட்டி, தேர்வு அறை போன்ற இடத்திலேயே படிக்க வேண்டும் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். ஆனால் முர்ரே 2021இல் இதே சோதனையை மறுபடி செய்தபோது அந்த விளைவு தென்படவில்லை. தரைக்கும் கடலுக்கும் இடையிலான வேறுபாட்டிலேயே உறுதியாகத் தெரியாத ஒன்றுக்காக, படுக்கையறையா நூலகமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. இந்த மறுசோதனை நினைவுகூரல் தோல்வி பற்றிய நெடுவினாவில் நல்ல மதிப்பீட்டுக் கருத்தாகவும் உதவும்.

இரவு விழிப்பு பற்றி ஆய்வுகள் தெளிவாகவே பேசுகின்றன. ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924இல் இரண்டே பேரைக் கொண்டு செய்த சோதனையில், கற்றபின் தூங்கியவர் விழித்திருந்தவரைவிடக் குறைவாக மறந்தார். 2007இல் யூவும் மேத்யூ வாக்கரும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், ஓர் இரவு தூங்காதவர்களுக்குப் புதிய நினைவுகளைப் பதிக்கும் திறனே குறைந்தது. ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் செயல்பாடும் அதற்கேற்பக் குறைந்திருந்தது. முழு இரவு விழித்தவர் தேர்வு நாளின் காலையில் படிப்பதும் சரியாகப் பதியாது என்பது இதன் உட்பொருள். பள்ளி மாணவரிடம் நேரடியாகச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. கில்லன்-ஓ'நீலும் உடன் ஆய்வாளர்களும் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளைச் சேர்ந்த 535 மாணவர்களை நாட்குறிப்பு எழுத வைத்தார்கள். வழக்கத்தைவிட அதிகம் படிப்பதற்காகத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்ட நாளுக்கு மறுநாள், வகுப்பில் புரியாமல் போவதும் தேர்வில் மோசமாக எழுதுவதும் கூடின. மொத்தமாக எவ்வளவு நேரம் படித்தார் என்பதைவிட, அந்த நேரம் தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்பதே முக்கியம். பதினேழு வயதுப் பிள்ளை தேர்வுக்கு முந்தைய இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பதைப் பெருமையாக நினைக்கும் வீடுகளுக்கு இந்த ஆய்வு போய்ச் சேர வேண்டும்.

பதற்றம் பற்றிச் சொல்லப்படும் அளவுக்குச் சான்று இல்லை. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் அச்சங்களை எழுதித் தீர்த்தால் மதிப்பெண் கூடும் என்று ராமிரெஸும் பெய்லாக்கும் 2011இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. 2018இல் பல முன்னணி ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த பெரிய முயற்சியில் இந்த விளைவு உறுதிப்படவில்லை. எழுதிப் பார்ப்பதால் தீங்கில்லை. அதை நம்பித் திட்டமிடத் தேவையில்லை.

இனி வினாக் கணிப்பு. தேர்வு என்பது பாடத்திட்டம் முழுவதிலிருந்தும் எடுத்த ஒரு மாதிரி. மாணவரின் அறிவு முழுவதையும் ஆறு மணி நேரத்தில் அளக்க முடியாது என்பதால், சில இடங்களைத் தொட்டு முழுமையை ஊகிக்கிறார்கள். எந்த இடத்தைத் தொடுவார்கள் என்று முன்பே தெரிந்துவிட்டால் அந்த ஊகம் செல்லாமல் போகும். அந்த ஊகம் எந்த அளவுக்குச் செல்லும் என்பதைத்தான் உளவளவையியலில் செல்லுபடித்தன்மை என்று குறிக்கிறார்கள். தேர்வு வாரியங்கள் ஒரே வினாவை எதிர்பார்க்கத்தக்க சுழற்சியில் கேட்பதைத் தவிர்ப்பது இதனால்தான். வினாத்தாள் தேர்வுக்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பே எழுதப்பட்டுப் பல கைகள் சரிபார்த்து முடிந்துவிடுகிறது. சென்ற ஆண்டு வந்தது இந்த ஆண்டு வராது என்ற கணக்கு பல சமயங்களில், சென்ற ஆண்டுத் தாள் அச்சாவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்ட தாளைப் பற்றியதாக இருக்கிறது.

வராதது வரும், வந்தது வராது என்ற நம்பிக்கைக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு: சூதாடியின் தவறு. 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல்சக்கரப் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தபோது, இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று பந்தயம் கட்டியவர்கள் பெரும் பணம் இழந்தார்கள். தேர்வு அப்படியே சுழல்சக்கரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளில் பாடத்திட்டம் முழுவதையும் தொட்டாக வேண்டும் என்ற பொறுப்பு வினா எழுதுவோருக்கு இருக்கிறது. எனவே இதுவரை தொடாத தலைப்புக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது அறிவற்ற வாதமல்ல. ஆனால் அந்தச் சற்றுக் கூடுதல் எவ்வளவு என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. சென்ற ஆண்டு நான்கு மதிப்பெண் சிறுவினாவாக வந்த அதே தலைப்பு, இந்த ஆண்டு பதினாறு மதிப்பெண் நெடுவினாவாக வருவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

கணிப்பை நம்பிப் பாதியை விட்டால் என்ன ஆகும் என்று எளிய கணக்கில் பார்க்கலாம். முதல் தாளின் நான்கு பிரிவுகளிலும் ஒரு நெடுவினா வருகிறது என்றும், மாணவர் ஒவ்வொரு பிரிவிலும் பாதித் தலைப்புகளை மட்டும் படித்திருக்கிறார் என்றும் வைத்துக்கொண்டால், நான்கும் படித்ததிலிருந்தே வரும் வாய்ப்பு 16இல் 1. குறைந்தது ஒன்றாவது படிக்காத பகுதியிலிருந்து வரும் வாய்ப்பு 16இல் 15. ஒரு நெடுவினாவுக்கு 16 மதிப்பெண் என்றால், அது ஒன்று போனாலே தாளின் ஆறில் ஒரு பங்கு போகிறது. கணிப்பு கொஞ்சம் துல்லியமாக இருந்து, ஒவ்வொரு பிரிவிலும் மூன்றில் இரண்டு வாய்ப்பைத் தந்தாலும், நான்கும் கைகூடும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

இவ்வளவு பலவீனமான ஒன்றை மாணவர் நம்பிக்கொண்டே இருப்பதற்கும் உளவியலே காரணம் சொல்கிறது. பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தம் மாணவர் 39 பேருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பைக் கொடுத்து, அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடச் சொன்னார். ஐந்துக்குச் சராசரி 4.26 கிடைத்தது. பொதுவாகச் சொன்ன எதுவும் எல்லாருக்கும் பொருந்துவதாகத் தோன்றும். கணிப்புப் பட்டியல்களும் அப்படியே. ஒரு தாளுக்கு இருபது தலைப்பைக் குறிப்பிட்டால் சில வரத்தான் செய்யும். தேர்வு முடிந்தபின் வந்தவை மட்டும் நினைவில் நிற்கும், வராதவை மறந்துபோகும். பாருக் ஃபிஷாஃப் 1975இல் காட்டியபடி, முடிவு தெரிந்தபின் அது முன்பே தெரிந்திருந்தது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. அந்தப் பட்டியலை அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைக்கும்போது அது வெற்றி பெற்ற பட்டியலாகவே போய்ச் சேருகிறது.

கணிக்கத்தக்க தன்மை முறையாக ஆராயப்பட்ட இடம் அயர்லாந்து. அங்கே பள்ளி இறுதித் தேர்வு கணிக்கத்தக்கதாகிவிட்டது என்ற குற்றச்சாட்டு பத்திரிகைகளில் ஓங்கி ஒலித்தபோது, அந்நாட்டுத் தேர்வு ஆணையம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜோ-ஆன் பேர்டு தலைமையிலான குழுவிடம் ஆய்வை ஒப்படைத்தது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றது. உயிரியல், ஆங்கிலம், புவியியல் உள்ளிட்ட பாடங்களை ஆராய்ந்து 2014இல் அளித்த முடிவில், தேர்வுகள் கவலைக்குரிய அளவுக்குக் கணிக்கத்தக்கவையாக இல்லை என்றார்கள். ஓரளவு கணிக்கத்தக்க தன்மை தேர்வுக்குத் தேவையும்கூட. என்ன வகையான வினா வரும், எவ்வளவு எழுத வேண்டும் என்பது தெரியாமல் தேர்வு எழுதுவது மாணவருக்கு அநீதி.

இங்கிலாந்தில் தலைப்புகள் உண்மையிலேயே முன்கூட்டி அறிவிக்கப்பட்ட ஆண்டும் ஒன்று உண்டு. கோவிட் காரணமாக 2020, 2021 தேர்வுகள் நடக்கவில்லை. 2022இல் தேர்வு திரும்பியபோது, படிப்பு இழந்த மாணவருக்கு உதவியாகப் பல பாடங்களில் எந்தத் தலைப்புகள் தேர்வின் மையமாக இருக்கும் என்று பிப்ரவரி 7 அன்று வாரியங்கள் வெளியிட்டன. எல்லாருக்கும் ஒரே தகவல் கிடைத்ததால் யாருக்கும் தனி லாபம் இல்லை. தர எல்லைகள் விடைத்தாள்கள் திருத்தப்பட்டபின்தான் முடிவாகின்றன; அந்த ஆண்டு 2019க்கும் 2021க்கும் இடைப்பட்ட நிலையில் முடிவுகள் அமையும்படி கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவல் வகுத்திருந்தது. எல்லாரும் அறிந்த கணிப்பு, சரியாகவே இருந்தாலும், ஒருவரை மற்றவருக்கு மேலே ஏற்றுவதில்லை. யாரும் அறியாத கணிப்பு இருப்பதாகச் சொல்லிச் சமூக ஊடகங்களில் விற்கப்படும் கசிந்த வினாத்தாள்கள் பெரும்பாலும் மோசடி. அவற்றை வாங்கினால் தேர்விலிருந்தே நீக்கப்படலாம் என்று வாரியங்கள் எச்சரிக்கின்றன.

கணிப்பைப் பயனுள்ள இடத்தில் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. வரக்கூடும் என்று நினைக்கும் வினாவை எழுதி, புத்தகத்தை மூடிவிட்டு விடை எழுதிப் பார்ப்பது. அந்த வினா வராவிட்டாலும், நினைவிலிருந்து எடுத்த உழைப்பு அந்தத் தலைப்பின் எல்லா வினாக்களுக்கும் பயன்படும். ரிச்லாண்ட், கார்னெல், காவ் மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பதற்கு முன் வினாவுக்கு விடை சொல்ல முயன்று தவறியவர்கள்கூட, அந்த நேரத்தையும் படிப்பில் செலவிட்டவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். எனவே கணிப்புப் பட்டியல் எதை விடலாம் என்று சொல்லும்போது கேடு; எதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்லும்போது நன்மை. ஒரே பட்டியல்தான். மாணவர் அதை எப்படிக் கையாளுகிறார் என்பதில்தான் வேறுபாடு.

தலைப்பைக் கணிக்க முடியாவிட்டாலும் தேர்வின் வடிவத்தை ஏறத்தாழ உறுதியாகவே கணிக்கலாம். கடைசி வாரத்தின் பெரும்பகுதி இங்கே செலவாக வேண்டும். இரண்டாம் தாளில் பாதி மதிப்பெண் ஆய்வுமுறைகளுக்கு. மூன்று தாள்களையும் சேர்த்துப் பார்த்தால் 25 முதல் 30 விழுக்காடு வரை ஆய்வுமுறை அறிவைச் சோதிக்கிறது. குறைந்தது 10 விழுக்காடு கணிதத் திறனைச் சோதிக்கிறது. எந்த ஆண்டிலும் தவறாமல் வரும் இந்தப் பகுதியைத்தான் மாணவர் பெரும்பாலும் சலிப்போடு ஒதுக்கி வைக்கிறார்கள். எட்டுப் புள்ளியியல் சோதனைகள் பாடத்திட்டத்தில் உள்ளன. அவற்றில் குறிச் சோதனையை மட்டும் கணக்கிடத் தெரிந்தால் போதும். ஒவ்வொருவரின் இரு மதிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் கூட்டல் அல்லது கழித்தல் குறி இட்டு, குறைவாக வந்த குறியை எண்ணினால் அதுவே எஸ் மதிப்பு; அது அட்டவணையின் வரம்பு மதிப்புக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் முடிவு பொருட்படுத்தத்தக்கது. வில்காக்சன், மன்-விட்னி, ஸ்பியர்மன், பியர்சன், இரு வகை டி-சோதனைகள், கை-வர்க்கச் சோதனை ஆகிய மற்ற ஏழும் எப்போது பொருந்தும் என்று தெரிந்தால் போதும். அதற்கு மூன்று கேள்விகளே வேண்டும். தேடுவது வேறுபாடா, தொடர்பா? ஒரே நபர்கள் இருமுறை பங்கேற்றார்களா, இரு குழுவினரா? தரவு பெயரளவா, வரிசையளவா, இடைவெளியளவா? இந்த மூன்று விடையிலிருந்து சரியான சோதனையை அரை நிமிடத்தில் சொல்லும் பழக்கம் ஒரு மாலைப் பொழுதில் கைகூடும். அதற்குக் கிடைக்கும் மதிப்பெண் எந்தக் கணிப்பையும் நம்பியிராது.

பாடத்திட்டத்தின் சொற்களும் ஒரு வகைக் கணிப்பே. அதில் பெயர் சொல்லப்பட்டதை மட்டுமே வினாவில் பெயர் சொல்லிக் கேட்க முடியும். இணங்கிப்போதலைப் பாதிக்கும் காரணிகளாகக் குழுவின் அளவு, ஒருமித்த கருத்து, பணியின் கடினம் மூன்றும் ஆஷின் பெயரோடு குறிக்கப்பட்டிருப்பதால், இவற்றில் ஒன்றைத் தனியே விளக்கச் சொல்லலாம். இயல்புக்கு மாறான நிலைக்கு நான்கு வரையறைகள் தரப்பட்டுள்ளன. மனச்சோர்வுக்கு பெக்கின் எதிர்மறை முக்கோணமும் எல்லிஸின் ஏபிசி மாதிரியும் பெயரோடு உள்ளன. பெயர் சொல்லாத ஆய்வை வாரியம் நேரடியாகக் கேட்காது. மதிப்பீட்டில் சான்றாக மாணவர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். வாரியத்தின் இணையதளத்தில் விலையில்லாமல் கிடைக்கும் பாடத்திட்டத்தின் சில பக்கங்கள், விலை கொடுத்து வாங்கும் எந்தக் கணிப்புத் தாளையும்விட நம்பத்தக்கவை. அவற்றின் ஒவ்வொரு வரியையும் வினாவாக மாற்றி, விடை தெரியும், தெரியாது என்று குறித்துக்கொண்டு போனால், எஞ்சிய நாட்களில் எதைப் படிப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

நெடுவினாவின் உள்கட்டமைப்பும் மாறாதது. 16 மதிப்பெண்ணில் அறிவை விளக்குவதற்கு 6, மதிப்பிட்டு வாதிடுவதற்கு 10. வினாவில் ஒரு சூழ்நிலை கொடுக்கப்பட்டிருந்தால் அறிவுக்கு 6, சூழ்நிலையோடு பொருத்துவதற்கு 4, மதிப்பீட்டுக்கு 6. மனப்பாடத்தை மட்டும் நம்புகிற மாணவர் கோட்பாட்டை இரண்டு பக்கம் விவரித்துவிட்டு மதிப்பீட்டுக்கு மூன்று வரி எழுதுவார். 6 மதிப்பெண்ணுக்கு மேல் எவ்வளவு விவரித்தாலும் கூடுதல் கிடைக்காது. கடைசி நாட்களில் புதிய கோட்பாட்டு விவரங்களைச் சேர்ப்பதைவிட, தெரிந்த கோட்பாடு ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பீட்டுக் கருத்துகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றும் அதனால் என்ன விளைகிறது என்ற ஒரு வாக்கியமுமாக, எழுதிப் பழகுவது அதிக மதிப்பெண் தரும். போல்பியின் பற்றுறவுக் கோட்பாட்டுக்கு எதிரான சான்று ஒன்றைச் சொல்லிவிட்டு நின்றுவிடாமல், அது கோட்பாட்டின் எந்தப் பகுதியைத் தளர்த்துகிறது, எந்தப் பகுதியைத் தொடவில்லை என்று சொல்வதே மதிப்பீடு. பழைய தாள்களோடு வரும் விடைக்குறிப்புகளும் தேர்வாளர் அறிக்கைகளும் இந்த வேறுபாட்டை ஆண்டுதோறும் காட்டுகின்றன.

மூன்று தாள்களும் ஒரே நாளில் நடப்பதில்லை. இடையில் சில நாட்கள் கிடைக்கின்றன. முதல் தாள் முடிந்த மாலையில் விடைகளை நண்பர்களோடு ஒப்பிட்டு இழந்த மதிப்பெண்ணை எண்ணுவதால் எதுவும் திரும்பாது. ஆனால் அந்தத் தாளில் வராத ஆய்வுமுறைத் தலைப்புகள் எவை என்று பார்ப்பது பயன் தரும், ஆய்வுமுறை வினாக்கள் மூன்று தாள்களிலும் வரக்கூடியவை என்பதால். இரண்டாம் தாளின் அணுகுமுறைகள் மூன்றாம் தாளின் பொது விவாதங்களுக்கு நேரடியாக உதவும்; கற்றல் அணுகுமுறையைச் சூழல் சார்ந்த வாதத்துக்கும், உயிர்சார் அணுகுமுறையைக் குறைப்புவாதத்துக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எனவே மூன்றாம் தாளுக்கான திருப்புதல் ஓரளவு இரண்டாம் தாளின் மறுபயன்பாடாக அமைகிறது.

தேர்வு அறையில் நேரக் கணக்கும் முன்பே பழகியிருக்க வேண்டும். 120 நிமிடத்துக்கு 96 மதிப்பெண் என்றால் மதிப்பெண் ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம்; 16 மதிப்பெண் நெடுவினாவுக்கு 20 நிமிடம், 4 மதிப்பெண் சிறுவினாவுக்கு 5 நிமிடம். நன்கு தெரிந்த முதல் நெடுவினாவுக்கு 30 நிமிடம் கொடுத்தவர், கடைசியில் வரும் 8 மதிப்பெண்ணைக் காலியாக விட்டுவிட நேரிடும். தாள் கையில் கிடைத்ததும் புள்ளியியல் சோதனைகளின் அட்டவணையை விடைத்தாளின் ஓரத்தில் நினைவிலிருந்து எழுதிக்கொள்வதும், ஒவ்வொரு வினாவிலும் விவரி, விளக்கு, மதிப்பிடு, விவாதி என்ற கட்டளைச் சொல்லைக் கோடிட்டுக்கொள்வதும் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற வேலை. நேரக் கட்டுப்பாட்டோடு ஒரு முழுப் பழைய தாளையாவது கடைசி வாரத்தில் எழுதிப் பார்த்தவருக்கு இந்த வேகம் தேர்வு நாளில் புதிதாக இருக்காது.